உப்புசம் என்றுதான் நினைத்தோம்

போன வாரம் செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் என் பிரஷர் மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும் ஒரு அம்மாள். கடைப் பையனிடம், "தம்பி, அந்த ரோஸ் கலர் மருந்து ஒரு பாட்டில் குடுப்பா. ரெண்டு வாய் சாப்பிட்டா வயிறு கல்லு மாதிரி ஆயிருது" என்றார். "எத்தனை நாளா?" என்று பையன் கேட்டான். "அது கெடக்கு, தீபாவளியிலேர்ந்து" என்று சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். பையன் பாட்டிலைக் கொடுத்தான். அவர் போய்விட்டார்.

கூப்பிட்டுப் பேச வேண்டும் போல இருந்தது. முன்பின் தெரியாத பெண்மணியிடம் எழுபத்தேழு வயதுக் கிழவன் தெருவில் நின்று என்ன சொல்வது? சும்மா வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், ஆபீஸ் கதைகள், மாமியார் வீட்டுப் பணியாரம் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறேன். என் மனைவியின் நோயை மட்டும் இதுவரை எழுதியதில்லை. அவள் போய் இந்த மார்கழியோடு எட்டு வருடம் முடிந்துவிட்டது.

2015 தீபாவளிக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி ஒன்று ஆரம்பித்ததாகவே தெரியவில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். "என்னங்க, நெஞ்சு வரைக்கும் நெறஞ்ச மாதிரி இருக்கு" என்பாள். நான் சிரிப்பேன். "நல்லதுதானே, அரிசி மிச்சம்" என்று ஒரு நாள் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருடங்களில் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பக்கத்துத் தெரு டாக்டர் கேஸ் மாத்திரை கொடுத்தார். அது கேட்டது. பத்து நாள் நன்றாக இருப்பாள், திரும்பவும் அதே. இன்னொரு பட்டை வாங்குவோம். ரோஸ் கலர் மருந்தும் வாங்கினோம். வாசலில் எதிர்வீட்டு ஆச்சி, "இஞ்சியத் தட்டிப் போட்டுக் கஷாயம் வச்சுக் குடு தம்பி, உப்புசந்தான்" என்றார்கள். அதுவும் வைத்துக் கொடுத்தேன். வாய்வு, உப்புசம், பித்தம் என்று நம் ஊரில் வயிற்றுக்கு எத்தனை பெயர்! அத்தனை பெயரும் ஆளைத் தூங்க வைக்கிற பெயர்கள்தான்.

முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, தையல்காரர். பொங்கலுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். அளவு ரவிக்கையைப் பார்த்துவிட்டு அவர், "அக்கா, இது உங்களுக்கு இப்ப தொளதொளன்னு இருக்குமே, கையில ரெண்டு இஞ்ச் பிடிக்கணும்" என்றாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். அதே வாரத்தில், பாவாடை நாடா மட்டும் இறுக்குகிறது என்றாள். தோள் இளைக்கிறது, வயிறு பெருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எந்த முட்டாளுக்கும் விளங்கியிருக்கும். நான் 36 வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவன். இரண்டு காகிதத்தில் இரண்டு வேறு தகவல் இருந்தால் உடனே கண்ணில் படும். வீட்டில் படவில்லை.

கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் குளிக்கும்போது நழுவியது. அவள் அதில் மஞ்சள் நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2016 மே மாதம். வெயில் என்றால் செட்டிநாட்டு வெயில். வயிறு ஆறு மாதக் கர்ப்பம் போல ஆகிவிட்டது. காரைக்குடியிலேயே ஸ்கேன் எடுத்தோம். இரண்டு பக்கச் சினைப்பையிலும் கட்டி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். மாதவிலக்கு நின்று பத்து வருடம் ஆன பெண்ணுக்குச் சினைப்பையில் என்ன கட்டி? மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே வேண்டாம். சினைப்பைப் புற்றாக இருக்கலாம், எடுத்துவிடலாம் என்றார்கள். இரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஜூனில் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்தார்கள். ஏழு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று ஒவ்வொரு டாக்டரிடமும் அவள் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஊரில் எல்லோரும், "கர்ப்பப்பையை எடுத்தாச்சில்ல, இனிமே பயமில்லை" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து நாள் கழித்து பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காக. நான் புதுச்சேரியில் பிறந்தவன். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு ஆறு வயது. ஆனாலும் கல்வே கல்லூரியில் பிரெஞ்சு வழியிலேயேதான் படித்தேன். கல்லூரி என்று பெயரே தவிர அது பள்ளிக்கூடம். கணக்கு, பூகோளம், விஞ்ஞானம் எல்லாம் பிரெஞ்சில். அதற்குப் பிறகு வாங்கிய உத்தியோகத்திலும் பழைய பிரெஞ்சுப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடுதான் பாதி ஆயுள் போயிற்று. கல்யாணம் 1976-ல். அவள் செக்காலைப் பெண். 2008-ல் ஓய்வு பெற்றதும் அவள் பங்குக்கு வந்த இந்த ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்தோம். என்னுடைய ஆங்கிலம் ஆபீசில் கற்றுக்கொண்ட ஆங்கிலம். ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படிக்க அது போதாது. பிரெஞ்சை வைத்து ஆங்கிலத்தை ஊகித்துப் படிப்பேன்.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் புரியவில்லை. ஒன்று, மெட்டாஸ்டாடிக். இரண்டு, சிக்னெட் ரிங் செல். மூன்று, க்ரூக்கன்பெர்க் ட்யூமர்.

முதலாவதை உடனே பிடித்துவிட்டேன். பிரெஞ்சில் 'மெத்தாஸ்தாஸ்'. கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவது என்று பொருள். புற்றுநோய் விஷயத்தில் இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியவரே ஒரு பிரெஞ்சுக்காரர்தான், ரெக்காமியே என்ற டாக்டர், 1829-ல். எங்கள் பாஷையில் சொன்னால் டிரான்ஸ்ஃபர். ஆனால் அரசாங்க டிரான்ஸ்ஃபரில் ஆள் பழைய ஊரைக் காலி செய்துவிட்டுப் புது ஊருக்குப் போவார். இதில் அப்படி இல்லை. பழைய ஊரிலும் இருப்பான், புது ஊரிலும் இருப்பான்.

இரண்டாவதற்கு என் பழைய அகராதி உதவவில்லை. பிறகு தெரிந்தது. பிரெஞ்சில் இதை 'பாக் அ ஷத்தோன்' என்கிறார்கள். பாக் என்றால் மோதிரம். ஷத்தோன் என்றால் மோதிரத்தில் கல் பதிக்கிற மேடு. அதே சொல்லுக்குப் பூனைக்குட்டி என்றும் அர்த்தம் உண்டு. பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது பூனைக்குட்டியைத்தான். என் மனைவியின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பூனைக்குட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அரைமணி நேரம் விழித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மதுரையில் புற்றுநோய்க்கென்று இருந்த ஒரு டாக்டரம்மாதான் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் படம் வரைந்தார். ஒரு வட்டம். அது செல். நடுவில் இருக்க வேண்டியது அதன் கரு. இந்த வகைச் செல் வழவழவென்று சளி போன்ற ஒன்றைத் தனக்குள்ளேயே உற்பத்தி செய்து நிரப்பிக்கொள்கிறது. அந்தச் சளி வீங்கிக் கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வளையமும் அதன் ஒரு பக்கத்தில் முத்திரைக் கல்லும் மாதிரி தெரியும். "சார், இந்த மாதிரிச் செல் சினைப்பையில தானா முளைக்கிறது ரொம்ப அபூர்வம். இது பெரும்பாலும் இரைப்பையிலேர்ந்து வரும். கட்டி இருந்தது சினைப்பையிலதான். ஆனா கட்டியோட சொந்த ஊர் அது இல்ல" என்றார்.

மறுநாள் என்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையின் மேல் பக்கத்தில், ஓர் ஓரத்தில், தடித்த ஒரு புண். விரல் நுனி அளவுதான் என்று சொன்னார்கள். சினைப்பையில் வளர்ந்திருந்ததோ ஒவ்வொன்றும் மாங்காய் அளவு. விதை இவ்வளவு சின்னதாக இருந்து, வேறிடத்தில் இவ்வளவு பெரிதாக விளையுமா என்று கேட்டேன். இந்த நோயின் வழக்கமே அதுதான் என்றார் அந்த அம்மா. பல பெண்களுக்கு மூல இடத்தில் ஒன்றும் தெரியாது, சினைப்பை வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் வருவார்கள். சிலருக்கு மூலம் எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இரைப்பைக்கு அடுத்தபடி பெருங்குடல், குடல்வால், மார்பு. இரண்டு பக்கச் சினைப்பையிலும் சேர்ந்து கட்டி வந்தால் முதலில் இதைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

மூன்றாவது சொல், க்ரூக்கன்பெர்க். அது ஓர் ஆளின் பெயர். அவள் தூங்கிய பிறகு ஒவ்வோர் இரவும் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் வாங்கிக் கொடுத்த போன் இதற்குத்தான் உதவியது. பிரெஞ்சு எழுத்தில் படித்தால் எனக்கு வேகமாக ஓடும்.

ஃப்ரீட்ரிக் எர்ன்ஸ்ட் க்ரூக்கன்பெர்க், ஜெர்மானியர், பிறந்தது 1871. மார்புர்க் நகரத்தில் மார்ஷாந்த் என்ற பேராசிரியரிடம் இருந்தபோது சினைப்பையில் வரும் ஒரு விநோதக் கட்டியைப் பற்றி 1896-ல் எழுதினார். வயது 25. அந்த மோதிர மாதிரிச் செல்லை அவர் சரியாகப் பார்த்தார், சளி இருக்கிறது என்றும் எழுதினார். ஆனால் இது சினைப்பையிலேயே பிறக்கிற ஒரு புதுவகைக் கட்டி என்று முடிவு கட்டிவிட்டார். அது தப்பு. ஆறு வருடம் கழித்து 1902-ல் ஷ்லாகென்ஹாஃபர் என்பவர், இது வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்தது, பெரும்பாலும் இரைப்பையிலிருந்து, என்று நிறுவினார். இருந்தும் பெயர் என்னவோ க்ரூக்கன்பெர்க் பெயர்தான் நிலைத்தது. அவர் அதற்குள் கண் டாக்டராகிவிட்டார். கண்ணின் கருவிழிக்குப் பின்பக்கம் படிகிற ஒரு நிறக்கோட்டுக்கும் அவர் பெயர்தான். 1946 வரை இருந்திருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் குமாஸ்தா பெயரைத் தப்பாக எழுதிவிட்டால் அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கி வந்து ஓரத்தில் திருத்தம் எழுதினால்தான் உண்டு. அசல் வரியை அடிக்க முடியாது. தப்பு அப்படியே நிற்கும், சரி ஓரத்தில் நிற்கும். ஷ்லாகென்ஹாஃபர் பெயரை எத்தனை டாக்டர்களுக்குத் தெரியும்?

ஏன் சினைப்பைக்குப் போகிறது? வயிற்றுக்குள் எத்தனையோ இடம் இருக்க, இரைப்பைக்கு ஒரு முழத்துக்குக் கீழே இருக்கிற அந்த இடத்தைத் தேடிக்கொண்டு ஏன் போக வேண்டும்? அந்தக் காலத்தில், இரைப்பையின் சுவரைத் துளைத்து வெளியே வந்து மேலிருந்து கீழே உதிர்கிறது என்று நினைத்தார்களாம். அப்படியானால் வழியெல்லாம் சிந்தியிருக்க வேண்டும். பல பேருக்கு வழியில் ஒன்றும் இருப்பதில்லை, சினைப்பையின் மேல் தோல்கூட வழவழவென்று சுத்தமாக இருக்கிறது, உள்ளேதான் கட்டி. அதனால் நிணநீர்க் குழாய்கள் வழியாகவே போகிறது என்று இப்போது அதிகம் பேர் கருதுகிறார்கள். 1889-ல் லண்டனில் ஸ்டீஃபன் பேஜட் என்ற சர்ஜன், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, அது எந்தெந்த உறுப்புக்குப் பரவியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். எல்லா உறுப்புக்கும் சமமாகப் போகவில்லை. செடியின் விதை எல்லாப் பக்கமும் பறக்கிறது, ஆனால் ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று அதற்கு விளக்கம் சொன்னார். காகிதத்தை எண்ணி உண்மையைக் கண்டுபிடித்த மனுஷர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

என் மச்சினன், "அக்காகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் அத்தான்" என்றான். மகளும் அதையே சொன்னாள். நானும் சரி என்றேன். அல்சர், அதற்கு ஊசி போட வேண்டியிருக்கிறது என்று ஒரு கதை கட்டினோம். முடி கொட்டுகிற அல்சர் எந்த ஊரில் இருக்கிறது? அவள் ஒன்றும் கேட்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற போர்டைப் படிக்கத் தெரியாதா?

இரண்டாவது அபிப்பிராயத்துக்காக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகலாம் என்று மகள் சொன்னாள். அதிகாலை பல்லவனில் ஏறினோம். புதுக்கோட்டை ஸ்டேஷன் வந்தபோது, பேச்சை மாற்றுவதற்காக, நாம் போகிற ஆஸ்பத்திரியை ஆரம்பித்த அம்மா இந்த ஊர்க்காரர்தான் என்று சொன்னேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் பெண் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று ஊரே எதிர்த்தபோது ராஜா சேர்த்துக்கொண்டார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். அவருடைய தங்கை புற்றுநோயில் செத்துப் போனார், மலக்குடலில். அந்த துக்கத்தை அவர் முப்பது வருடம் விடவில்லை. 1954 ஜூனில் அடையாறில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தது.

என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கீரனூர் தாண்டிய பிறகு, "அவுக தங்கச்சிக்கு என்னன்னு அவுககிட்ட சொன்னாகளா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவளே மறுபடி, "எனக்கும் அதுதான்னு தெரியும். நீங்க கஷ்டப்பட்டுப் பொய் சொல்ல வேண்டாம். உங்களுக்கு அது வரல" என்றாள். கல்யாணமாகி நாற்பது வருடம். திருச்சி வரும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. திருச்சியில் எனக்கு இட்லி வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

அடையாறிலும் மதுரை டாக்டரம்மா சொன்னதையேதான் சொன்னார்கள். நான்காம் கட்டம். கீமோ கொடுத்துப் பார்க்கலாம், கொஞ்ச காலத்தை நல்லபடியாக வைக்கலாம், முழுக்க மாற்ற முடியாது. இந்த வகையில் பெரும்பாலோர் இரண்டு வருடத்தைத் தாண்டுவதில்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நேராகச் சொன்னதற்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். சிகிச்சையை மதுரையிலேயே தொடர்ந்தோம். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அதுதான் காரணம்.

அங்கே காத்திருக்கும்போது ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். சென்னை நகரத்தில் யார் யாருக்கு எந்தப் புற்று வந்தது என்று 1981-லிருந்து அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் இரைப்பைப் புற்று வெகுகாலமாக முன்வரிசையில் இருந்து வந்திருக்கிறது, முக்கியமாக ஆண்களில். பதிவேடு என்றதும் என் காது நிமிர்ந்தது. எங்கேயோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து என் மனைவியையும் ஒரு வரியாக எழுதியிருப்பார். எந்தத் தலைப்பின் கீழ்? சினைப்பையிலா, இரைப்பையிலா? இரைப்பையில்தான் எழுத வேண்டும். பிறந்த ஊரைத்தான் பதிவு செய்ய வேண்டும். அதுதான் விதி.

டாக்டர்கள் சாப்பாட்டைப் பற்றி நிறையக் கேட்டார்கள். உப்பு அதிகம் சேர்ப்பீர்களா, ஊறுகாய், கருவாடு உண்டா என்று. உண்டு என்றேன். உப்புக்கண்டம் பொரித்தால் அவளுக்கு வேறு குழம்பு வேண்டாம். ஆனால் அதே உப்புக்கண்டத்தைத் தின்று என் மாமியார் தொண்ணூறு வயது இருந்தார். உப்பில் ஊறியது இரைப்பைக்கு ஆகாது என்பது உண்மை. அதற்காக அவள் ஆசையாகச் சாப்பிட்ட ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனசில்லை.

அதற்கப்புறம் நடந்ததை அதிகம் எழுதப் போவதில்லை. ஆறு சுற்று ஊசி. முதல் நான்கைந்து மாதம் நன்றாகத் தெரிந்தாள். 2017-ல் கொப்புடைய அம்மன் தேரைப் பார்க்க வேண்டும் என்றாள், ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்திக் காட்டினேன். ஆடியில் மறுபடி நீர் கோத்தது. ஊசி போட்டு எடுப்பார்கள், ஒரு வாரம் மூச்சு வாங்காமல் இருப்பாள். ஐப்பசிக்குப் பிறகு கஞ்சித் தண்ணீர் மட்டும். மார்கழியில் ஒரு விடியற்காலை, மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். வீட்டில்தான். மகள் பக்கத்தில் இருந்தாள். அந்த மோதிரத்தை, நூலோடு, ஒரு மாதத்துக்கு முன்பே மகள் கையில் கொடுத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் நெப்போலியனைப் பற்றிப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தோம். யுத்தங்களின் பெயரும் தேதியும் இன்றைக்கும் சொல்வேன். 1821-ல் அவர் இரைப்பை நோயில்தான் செத்தார், பிரேதத்தை அறுத்துப் பார்த்தவர்கள் அங்கேதான் புண்ணைப் பார்த்தார்கள், அவருடைய அப்பாவும் 1785-ல் அதே வயிற்று நோயில்தான் செத்தார் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. சக்கரவர்த்தி சாகும்போது இதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டாராம், தன் பிள்ளைக்கும் வருமோ என்று.

எனக்கும் அதே கவலை வந்தது. மகள் சென்னையில் இருக்கிறாள், இப்போது 46 வயது. இந்த மோதிரச் செல் வகை சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது என்று படித்தேன். 1998-ல் நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் வரிசையாகச் சின்ன வயதில் செத்துப் போனதை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் நோய் வருமுன்னே இரைப்பையை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. டாக்டரிடம் கேட்டதில், குடும்பத்தில் ஒருத்தருக்கு மட்டும், அதுவும் அறுபதைத் தாண்டி வந்திருந்தால் பரம்பரை என்று பயப்பட வேண்டியதில்லை, இருந்தாலும் மகள் ஒரு தடவை இரைப்பையைப் பார்த்துக்கொள்வது நல்லது என்றார்.

மகளிடம் எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ஆகட்டும்ப்பா" என்பாள். ஆபீஸ், பிள்ளைகளின் பரீட்சை, அப்புறம் கொரோனா. போன ஆவணியில் இங்கே வந்திருந்தாள். மூன்று பணியாரம் எடுத்து வைத்தேன், இரண்டு சாப்பிட்டுவிட்டு, "போதும்ப்பா, ஒரே உப்புசமா இருக்கு" என்றாள்.

நான் எழுந்து உள்ளே போய் அவள் அம்மாவின் ரிப்போர்ட் இருந்த பையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அந்த டாக்டரம்மா படம் வரைந்த மருந்துச் சீட்டும் அதில் இருந்தது. ஒன்றும் பேசவில்லை. அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளுடைய கணவரிடம் போனில் பேசினாள். மறு வாரம் சென்னையில் என்டோஸ்கோப்பி.

அன்றைக்குக் காலை பத்து மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு ஆச்சி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டரைக்கு மகள் கூப்பிட்டாள். கட்டி ஒன்றுமில்லை. இரைப்பையில் ஒரு கிருமி இருக்கிறது, நாள்பட்ட வீக்கம் இருக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி. அல்சருக்கும், நாளடைவில் சிலருக்குப் புற்றுக்கும் காரணமாகிற கிருமி அதுதான். ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் கண்டுபிடித்தது. யாரும் நம்பவில்லை என்று 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்து நிரூபித்தார். 2005-ல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரையிலேயே அந்தக் கிருமியை ஒழித்துவிடலாம். அவள் அம்மாவுக்கு அது இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

பதினாலு நாள் மாத்திரை. காலையில் மூன்று விதம், இரவில் மூன்று விதம். ஐந்தாம் நாள் மகள் கூப்பிட்டு, "அப்பா, வாயெல்லாம் ஒரே கசப்பு, இரும்பை நக்கின மாதிரி இருக்கு. நிறுத்திடலாமான்னு இருக்கு" என்றாள். நிறுத்தாதே என்றேன். தினமும் இரவு மாத்திரை போட்டதும் காலியான பட்டையைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கோபித்துக்கொண்டாள். ஆனால் அனுப்பினாள். பதினாலு படம். ஒவ்வொன்றிலும் ஓட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.

மருந்துக் கடையில் பார்த்த அம்மாள் யார் என்று விசாரித்தேன். இரண்டு தெரு தள்ளிதான் வீடாம். எதிர்வீட்டு ஆச்சிக்குத் தெரிந்தவர்தான். நாளைக் காலை ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அந்தப் பையையும் எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன்.